திறந்து திறந்து பார்ப்பவர்

"பிரிட்ஜ் கூல் ஆவல தம்பி" என்று அவர் எனக்குப் போன் செய்தது அந்த மாசத்தில் மூன்றாவது தடவை. எனக்குக் கடுப்பாகிவிட்டது. வில்லியனூரில் கடை வைத்திருக்கிறேன். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி எல்லாம் பார்ப்பேன். ஒரே வீட்டுக்கு ஒரே கோளாறுக்கு மூன்று தடவை போனால் தொழிலில் என் பேர் என்ன ஆகும்? கேஸ் சரியாக இருந்தது. தெர்மோஸ்டாட் மாற்றியாயிற்று. கதவு ரப்பரைக்கூட மாற்றிவிட்டேன். இனிமேல் அந்த வீட்டில் மாற்ற வேண்டியது அந்த ஆளைத்தான் என்று திட்டிக்கொண்டே பக்கத்தில் உறுவையாறு கிராமத்துக்கு வண்டியை விட்டேன்.

அன்றைக்குக் கோளாறு ஒன்றும் கிடைக்கவில்லை. உடனே கிளம்பாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவரே டீ போட்டுக் கொடுத்தார். அந்த டீ ஆறுவதற்குள் நாலு தடவை எழுந்துபோய் பிரிட்ஜைத் திறந்தார். எதையும் எடுக்கவில்லை, எதையும் வைக்கவும் இல்லை. திறப்பார், குனிந்து பார்ப்பார், ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு எதையோ தொடுவார், மூடுவார். மூடிய கையோடு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

"பெரியவரே, ஒரு நாளைக்கு இத எத்தினி தடவ தொறப்பீங்க?"

"எண்ணுனது இல்லப்பா."

"இப்டி தொறந்து தொறந்து பாத்தா எப்படி கூல் ஆவும்? கோளாறு பிரிட்ஜுல இல்ல, உங்க கையில."

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். "அது எனக்குத் தெரியும்" என்றார். தெரிந்தேதான் மனுசன் என்னை மூன்று தடவை அலைய விட்டிருக்கிறார். எழுந்துபோய் நானே கதவைத் திறந்தேன். பால் இல்லை, தயிர் இல்லை, மாவு இல்லை. பத்து பிளாஸ்டிக் கப், பத்திலும் மணல்.

"இன்னா இது? மணல போய் யாராவது பிரிட்ஜுல வெப்பாங்களா?"

"மணலு இல்ல தம்பி. உள்ள கெழங்கு இருக்குது. ஐரீசுன்னு ஒரு பூவு" என்றார்.

அவர் செத்துப்போய் இரண்டு வருசம் ஆகிறது. பேர் எதற்கு? நான் பெரியவரே என்றுதான் கூப்பிட்டேன், அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். நாற்பது வருசம் நெல்லும் கரும்பும் வைத்தவர். கடைசியில் அவரைப் படாத பாடு படுத்தியது சின்ன வெங்காயம் அளவுக்கு இருந்த அந்தக் கிழங்குதான்.

அது வந்த கதையை அன்றைக்கே சொன்னார். ஒரே மகள். கட்டிக்கொடுத்து இருபது வருசமாக பிரான்சில் இருக்கிறாள். அவள் வீட்டுப் பின்பக்கம் கல் அடுக்கி ஒரு சின்னத் தோட்டம் போட்டிருக்கிறாள். பனி உருகி முடிவதற்குள் அந்தக் கல் இடுக்கில் விரல் உயரத்துக்கு நீலமாக ஒரு பூ வருமாம். போனில் காட்டியிருக்கிறாள். இவருடைய சம்சாரம் இறந்ததிலிருந்து, "தனியா இன்னாப்பா பண்ற, எங்கிட்ட வந்துடு" என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். இவர் ஒரு நாள் சலித்துப்போய், "அந்தக் குளுருல என்ன கொண்டாந்து வெச்சா நான் வாடிப்பூடுவன்" என்றிருக்கிறார். அவளுக்கு ரோசம் வந்துவிட்டது.

"அப்ப நான் வாடலியா? சரி, என் பூவ அனுப்புறன். உன் வெயில்ல வெச்சி ஒரே ஒரு பூ பூக்க வெச்சிக் காட்டு. அது பொழச்சா நீ அங்கயே இரு, நான் இனிமே கூப்புட மாட்டன். பூக்கலன்னா மூட்ட முடிச்ச கட்டு."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் ஊருக்கு வந்த யாரோ ஒருவர் பெட்டியில் நிஜமாகவே பத்து கிழங்கு வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் அது விளையாட்டாக இல்லை. அந்த வீட்டிலேயே இருப்பதா, விசா எடுத்துக்கொண்டு ஏறுவதா என்பது இந்தக் கிழங்கின் கையில் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். போக மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்டேன். "அவ அழுவா தம்பி. பந்தயத்துல தோத்தா அழ மாட்டா" என்றார்.

பழைய மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் ஒரு லோடு கருங்கல் இறக்கி மேடு கட்டினார். மகள் போனில் சொல்லச் சொல்ல, சரிவாக அடுக்கி, இடுக்கில் ஜல்லியும் மணலும் போட்டு. "தண்ணி நிக்கவே கூடாதுப்பா" என்று அவள் ஆயிரம் தடவை சொன்னாளாம். ஆயுசு பூராவும் வயலில் தண்ணி நிற்கிறதா என்று பார்த்தே பழகிய ஆளுக்கு இது எப்படி இருந்திருக்கும்? மேட்டின் உச்சியில் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல்லை நட்டு வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தால் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி குங்குமம் வைத்திருக்கிறது. கழுவி விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை குங்குமத்தோடு எலுமிச்சம்பழமும் சேர்ந்துவிட்டது. காத்திருந்து ஆளைப் பிடித்தார். தெருப் பொம்பளைகள் மூன்று பேர்.

"இது சாமி இல்லம்மா, பூந்தோட்டம்" என்றாராம்.

"பூந்தோட்டம்னா பூ எங்க மாமா?" என்று ஒருத்தி கேட்டாளாம். அதற்கப்புறம் அவர் குங்குமத்தைக் கழுவவில்லை. வைத்துவிட்டுப் போகட்டும், யார் கண்டது, அதனாலாவது பூக்கட்டுமே என்று விட்டுவிட்டார்.

முதல் வருசத்துப் பத்தும் போய்விட்டது. மழையில் அழுகியது இரண்டுதான். மீதி எட்டையும் கொன்றது இவர். மூன்று நாளைக்கு ஒரு தடவை மணலை விலக்கிக் கிழங்கை வெளியே எடுத்து, அழுத்திப் பார்த்து, தோலை உரித்துப் பார்த்து, மறுபடி புதைப்பார். எனக்குக் கேட்கவே பொறுக்கவில்லை.

"கரும்பு வெச்ச ஆளுதான நீங்க? நட்ட கரணைய நோண்டிப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"அப்றம் இத மட்டும் ஏன்?"

"கரும்ப தூங்குதுன்னு யாரும் எங்கிட்ட சொல்லலியே" என்றார். இது என்ன பதில் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. வெயில் காலம் முழுக்க அந்தக் கிழங்கு மண்ணுக்குள் தூங்கும், தொடாதே என்று மகள் சொல்லியிருக்கிறாள். அந்த வார்த்தைதான் அவரைப் பிடித்து ஆட்டியது.

அவர் எல்லாவற்றையும் திறந்து பார்க்கிற ஆள். சோறு கொதிக்கும்போது பத்து தடவை மூடியைத் தூக்குவார். வாசலில் படுத்திருக்கும் நாயைக் காலால் தட்டி, அது தலையைத் தூக்கி முறைத்த பிறகுதான் நகருவார். போன் செய்தால் ஹலோ கிடையாது, "இருக்கியாப்பா?" என்பார். இல்லாமல் எங்கே போவேன் பெரியவரே என்று நான் எரிந்து விழுவேன். ஒரு தடவை என் வண்டி சர்வீசில் இருந்தபோது அவரோடு டவுன் பஸ்ஸில் வந்தேன். முன் சீட்டில் ஒருத்தன் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். இவர் அவனையே பார்த்துக்கொண்டு வந்தார். திடீரென்று தோளைத் தொட்டு, "ஏம்பா, ஏம்பா" என்று உலுக்கிவிட்டார். அவன் ஸ்டாப் வந்துவிட்டது என்று பதறி எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு படிவரைக்கும் போய்விட்டான்.

"தூங்குறவன எழுப்புறியே, அறிவு இருக்குதாய்யா?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்.

"ஒண்ணும் இல்லப்பா, ஒண்ணும் இல்ல, தூங்கு" என்றார் இவர். எனக்கு மானம் போயிற்று. தெரியாத ஆள் மாதிரி நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆதார் கதையையும் சொல்லிவிடுகிறேன், அவரை நினைத்துச் சிரிக்க எனக்கு இருக்கிறது அது ஒன்றுதான். மண்ணில் உழைத்த கை, ரேகை எல்லாம் தேய்ந்துவிட்டது. மிஷினில் விரல் பதியவில்லை. கண்ணின் கருவிழியைப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கும் ஐரிஸ் என்றுதான் பேராம். ஆதார் எடுக்கிற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "ஐயா, உங்க ஐரிஸ் சரியா வரல" என்றிருக்கிறாள்.

"எனக்குந்தாம்மா வரல. ரெண்டு வருசமா பாக்குறன்" என்றாராம் இவர்.

அன்றைக்கு நான் பிரிட்ஜில் பார்த்தது இரண்டாவது பத்து. இதுதான் கடைசி, இனி அனுப்ப மாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். அந்தப் பூவுக்குக் குளிர் காலம் ஒன்று வேண்டும், நம் ஊரில் ஏது, அதனால் மூன்று மாசம் பிரிட்ஜில் வை, பழம் எதுவும் பக்கத்தில் வைக்காதே, எடுத்துப் பார்க்காதே என்று அவள்தான் வழி சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றையும் சரியாகச் செய்தார், கடைசி ஒன்றைத் தவிர.

தீபாவளிக்கு முன்னால் நான் ஒரு வேலை செய்தேன். பிரிட்ஜ் கதவில் கொண்டி அடித்து ஒரு பூட்டைப் போட்டேன். சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். "ஞாயித்துக்கெழம வருவன். ஒரு நிமிசம் தொறப்பன். பாத்துக்குங்க. நடுவுல போன் பண்ணக் கூடாது" என்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். மறுநாள் காலையிலேயே போன். "இருக்கியாப்பா?" வைத்துவிட்டேன்.

மழைக்காலத்தில் புயல் அடித்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. அவர் போன் செய்யவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாராம். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மீன் மார்க்கெட்டில் ஒரு தெர்மகோல் பெட்டி நிறைய ஐஸ் வாங்கி, முழங்கால் தண்ணியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், கப்புகளை அதற்குள் இறக்கினேன். வீடெல்லாம் மீன் நாற்றம். "எம்பொண்ணுகிட்ட சொல்லிடாத, பூ நாறும்னு பயந்துடுவா" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அந்த ஆள் மேல் பாசம் வந்துவிட்டது என்று தெரிந்தது. இல்லாவிட்டால் எவன் ஒரு மணல் கப்புக்காக மழையில் நனைவான்?

அப்புறம் ஒரு புதன்கிழமை கடைக்கே வந்துவிட்டார். பஸ் ஏறி, குடையோடு. பிரிட்ஜுக்குள்ளிருந்து கெட்ட வாடை வருகிறது, சாவி வேண்டும் என்றார். பொய் சொல்லத் தெரியாத மூஞ்சி. கடையில் இரண்டு கஸ்டமர் நின்றார்கள். நான் அதைப் பார்க்கவில்லை, வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன்.

"இன்னா பெரியவரே வெளையாடுறீங்களா? ஒரு வாரம் சும்மா இருக்க முடியாதா? அது பாட்டுக்குத் தூங்குது, வுடுங்களேன்!"

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. கஸ்டமர்கள் போகும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிறகு குடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எம்பொஞ்சாதி காலையில அஞ்சு மணிக்கு எழுந்துருவா தம்பி. அன்னிக்கு எழுந்துருக்கல. முந்தின நாளு களை எடுத்துட்டு வந்து படுத்தவ, அசதியா இருக்கும், தூங்கட்டும்னு வுட்டுட்டன். நானே டீ போட்டுக் குடிச்சன். வயலுக்குப் போயி ஒரு சுத்து சுத்திட்டு ஒம்போது மணிக்கு வந்தன். சில்லுன்னு இருந்தா. ராத்திரியே போயிருக்கான்னு டாக்டர் சொன்னாரு. நாலு மணி நேரம் நான் தூங்குறான்னு நெனச்சிக்கிட்டு சத்தம் போடாம நடந்துருக்கன் தம்பி. செருப்பக்கூட கையில எடுத்துக்கிட்டு போனன்."

கத்தின வாயை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன். இந்தாங்க, எத்தினி தடவ வேணும்னாலும் தொறந்து பாருங்க, பூத்தா பூக்குது என்றேன். அவர் சாவியைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என் மேசை மேலேயே வைத்துவிட்டார்.

"நீயே வெச்சிக்க. நான் கேட்டாக்கூட குடுக்காத. அந்த வூட்டவிட்டு நான் எங்கயும் போ முடியாது தம்பி. அவ போன எடம் அது" என்றார்.

அதற்கப்புறம் எட்டு வாரம் அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் திறந்து காட்டும்போதுகூட விரலை நீட்டாமல், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார். ஒரு மனுசன் தன்னோடு தானே மல்லுக்கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது கஷ்டமான காரியம்.

பொங்கல் கழித்து கப்புகளை வெளியே எடுத்தோம். ஏழில் ஒன்றும் இல்லை, மணலுக்குள் கூழாகிவிட்டிருந்தது. மூன்றில் மட்டும் ஊசி மாதிரி பச்சை முளை எட்டிப் பார்த்தது. மூன்றையும் மேட்டில் கல் இடுக்கில் இறக்கினோம். ஒன்று வாடியது. ஒன்று இலையாகவே நீண்டுகொண்டு போயிற்று. மூன்றாவதில், மாசி பிறந்து நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, காலையில் போன்.

"தம்பி, வா. வந்துடுச்சி."

"இருக்கியாப்பா" இல்லை. நான் பல்லைக்கூட விளக்காமல் ஓடினேன்.

என் சுண்டுவிரல் உயரம் இருந்தது. கருநீலம். கீழே தொங்கிய மூன்று இதழிலும் நடுவில் மஞ்சளாக ஒரு கோடு. இவ்வளவுதானா என்றுதான் முதலில் தோன்றியது, பொய் சொல்வானேன். ஆனால் குனிந்து பக்கத்தில் பார்த்தபோது, அந்தக் கல்லுக்கும் ஜல்லிக்கும் நடுவில் அது நிற்கிற நிற்பைப் பார்த்து எனக்கே மனசு என்னவோ செய்தது. தெருப் பொம்பளைகள் வந்து பார்த்தார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர் யாரையும் தொட விடவில்லை. தானும் தொடவில்லை.

அங்கே அவள் எழுந்திருக்க வேண்டுமே என்று மத்தியானம் வரை காத்திருந்தோம். வெயில் ஏற ஏற பூ துவள ஆரம்பித்தது. அவர் குடையை விரித்து அதற்கு மேலே பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் கை மாற்றவில்லை. பன்னிரண்டு மணிக்கு வீடியோ கால் போட்டுப் போனை நான் பிடித்தேன்.

அவள் கோட்டு போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பி நின்றிருந்தாள். பூவைக் காட்டினேன். முதலில் அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை. "இன்னும் கிட்ட காட்டுங்கண்ணா" என்றாள். காட்டினேன். அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"செயிச்சிட்டப்பா நீ!"

"ஆமாம்மா. செயிச்சிட்டன்."

"சரிப்பா. அப்ப நீ அங்கயே இருந்துடு. இனிமே நான் கூப்புடல" என்றாள். சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டாள். நெடுநாள் தூக்கி வந்த சுமையை இறக்கி வைத்தவள் விடுகிற மூச்சு. போனைப் பிடித்திருந்த எனக்கே கேட்டது. "என் பெரிய பையனும் ரூமு வேணும் ரூமு வேணும்னு ஒரே தொல்ல. உனக்குன்னு வெச்சிருந்தத அவனுக்கே குடுத்துடுறன். நல்லதாப் போச்சிப்பா. நீயும் உன் வூட்டுலயே நிம்மதியா இரு. ஐயோ, பஸ் வந்துடும். வெக்கட்டுமா?"

"வெய்யிம்மா" என்றார்.

போனை அணைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, வீடு நிலைத்துவிட்டது, பந்தயத்தில் அவர் பக்கம்தான் வெற்றி. நான் என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல், "இன்னா பெரியவரே, சந்தோசம்தான?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் பூவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இன்னொரு தடவ அவ கூப்புட்டிருந்தாலும் நான் போயிருக்க மாட்டன் தம்பி" என்றார். "ஆனா கூப்புட்டிருக்கலாம் இல்ல?"

"ஆமா பெரியவரே" என்றேன். "கூப்புட்டிருக்கலாம்."